பன்னிரண்டு மணிக்குள் தீர்க்க வேண்டிய டேட்டா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாத டெல்டாக்காரர் இருக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் போகும் சாலையை ஊருக்குள்ளேயே தண்டவாளம் குறுக்கே வெட்டிப் போகிறது. கேட் விழுந்தால் சில நாள் கால் மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். ஒரு சாயங்காலம் அப்படி நின்ற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கல்லூரித் தம்பி. டிரைவர் இன்ஜினை அணைத்த உடனே அவர் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. கேட் திறக்கும்வரை கட்டைவிரல் எத்தனை தடவை மேலே தள்ளுகிறது என்று எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒரு சினிமா வசனம், ஒரு டான்ஸ், ஒரு கோயில் யானை, யாரோ பிரியாணி சாப்பிடுவது, மறுபடி ஒரு டான்ஸ். எதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை, ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

சாயங்காலங்களில் ஊரில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் முதலில் சொல்வது மார்க்கைப் பற்றி இல்லை. "போனை எடுத்தா வைக்க மாட்டேங்குறான் சார், நீங்க சொன்னா கேப்பான்" என்பதுதான். நான் சொன்னாலும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லை, வளர்ப்பு சரியில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அருகில் உட்கார்ந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஒரு நாளில் எந்தெந்த நேரத்தில் போன் பிள்ளையின் கைக்குப் போகிறது, அந்த நேரம் ஏன் காலியாகக் கிடந்தது, அதை நிரப்ப யார் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் அந்தக் கட்டைவிரல். வயதானவர்களுக்குச் சுரண்டல் லாட்டரி ஞாபகம் இருக்கும். 2003-இல் தமிழ்நாட்டு அரசு லாட்டரியையே தடை செய்வதற்கு முந்தைய காலத்தில் பஸ் ஸ்டாண்டுகளில் நின்று சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். தொடர்ந்து விழாமலே இருந்தால் மனிதன் நிறுத்திவிடுவான். ஒவ்வொரு தடவையும் விழுந்தாலும் சலித்துவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் எப்போதாவது விழுந்தால்தான் கை நிற்காது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே புறாக்களை வைத்து இதைக் காட்டிவிட்டார். கொத்தினால் தீனி எப்போது விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. பத்து வீடியோ சப்பென்று இருக்கும், பதினோராவது வீடியோ பிடித்துப்போகும். அடுத்தது பிடிக்குமோ என்ற எதிர்பார்ப்புதான் விரலைத் தள்ளுகிறது. அந்தத் தம்பியின் முகம் மாறாததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். கையில் ஓடுவதைவிட அடுத்து வரப்போவதில்தான் அவர் இருந்தார்.

பக்கத்தின் அடி என்று ஒன்று வராமல் ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதைச் செய்ததற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு வணக்கம் உண்டு, சாப்பாட்டுக்கு மோர்ச்சாதம் உண்டு. இதற்கு மட்டும் 'போதும்' என்று சொல்லும் இடம் வைக்கவில்லை. அந்த இடத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நாற்பத்தைந்து வயதில் என்னாலேயே முடிவதில்லை.

அடுத்தது டேட்டா. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு ஜிபி டேட்டாவுக்கு 250 ரூபாய் அளவில் ஆனது. எங்கள் பக்கத்துப் பையன்கள் வேலை முடிந்ததும் மறக்காமல் நெட்டை ஆஃப் செய்து வைத்த காலம் அது. ஜியோ முதல் சில மாதங்கள் இலவசமாகவே கொடுத்தது. காசு வாங்க ஆரம்பித்தபோது ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்து வந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு போய், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஆனது. மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. இன்று டெல்டாவில் எந்த ரீசார்ஜ் கடையிலும் "ஒன்றரை ஜிபி போடவா, ரெண்டு ஜிபி போடவா" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாளைக்கு என்று சொல்லவே வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

நாள் கணக்கு என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிச்சம் அழிந்துபோகும். காசு கொடுத்து வாங்கியது கண் முன்னே வீணாகப் போவதை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்? பதினோரு மணிக்கு என்னடா செய்கிறாய் என்று என்னிடம் படிக்கும் ஒரு பையனைக் கேட்டேன். "எண்ணூறு எம்பி இருந்துச்சு சார், வேஸ்ட்டா போயிரும்ல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில் நம் முறை முடிவதற்குள் பாய்ச்சிவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே பதற்றத்தோடு அவன் டேட்டாவைத் தீர்க்கிறான். மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்களிடமும் இதைப் பார்க்கலாம். தீர்ந்தவன், தீராதவனிடம் "ஹாட்ஸ்பாட் போடுடா" என்று கேட்பான், அவனும் மறுக்காமல் போடுவான். பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கடன் வாங்குவதுபோல டேட்டா கைமாறுகிறது. அந்த நட்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம் நாலு பேரும் நாலு திரைக்குள் போய்விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது 2020-இல். அதை நாம்தான் கொடுத்தோம். மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆனால் பாடமும் வீட்டுப்பாடமும் வாட்ஸ்அப்பில் வந்தன. நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. வீட்டில் அடைபட்ட பிள்ளை, பாடத்துக்காக வாங்கிய போன், புதிதாக வந்த குட்டி வீடியோக்கள் என்று மூன்றும் சேர்ந்தன. பள்ளி திறந்த பிறகு போனைத் திரும்ப வாங்கலாம் என்றால், வகுப்பு வாட்ஸ்அப் குரூப் மட்டும் மூடப்படவே இல்லை. இன்றும் வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது.

பிரதம் அமைப்பு நடத்தும் 'அசர்' கல்வி ஆய்வு 2024-இல் இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டது. முந்தைய வாரத்தில் படிப்பு சம்பந்தமாக ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். இது நாடு முழுவதுக்குமான கணக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

டெல்டாவுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும், அப்பாவோ அண்ணனோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இருக்கும். சவுதியும் குவைத்தும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வேலை முடிந்து, கேம்ப்புக்கு வந்து, குளித்துச் சமைத்து, அவர் போனை எடுக்கும்போது அங்கே எட்டு மணி, இங்கே பத்தரை. அந்த நேரத்தில்தான் வீடியோ கால் வரும். நெட் ஆனில் இருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும், பிள்ளை விழித்திருக்க வேண்டும். அப்பா முகத்தைப் பார்க்கத்தானே அந்த வீடே காத்திருக்கிறது? பேசி முடித்ததும் அம்மா வாசலைப் பூட்ட எழுந்து போவார். போன் பையன் கையிலேயே இருக்கும். மணி பதினொன்று ஆகியிருக்கும், டேட்டா மிச்சம் இருக்கும்.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரில் அப்பா இருக்கும் பிள்ளைகளுக்கு அழைப்பு சாயங்காலமே வந்துவிடுகிறது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் யார் காலையில் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்தபோது இந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆனால் நான் பார்த்தது அதுதான்.

13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. சின்னப் பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு வரும் தூக்கம் இவர்களுக்குப் பத்தரை, பதினொன்றுக்குத்தான் வரும். அது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே வெளிச்சம் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். தனியார் பள்ளி வேன் காலை ஏழேகாலுக்குத் தெருமுனையில் நிற்கும். தண்ணீர் பிடித்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்ப ஐந்தரைக்கு எழ வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுத்த பிள்ளைக்கு ஐந்து மணி நேரம்தான். அப்படி இரண்டு வாரம் போனால் என்ன சொன்னாலும் எரிச்சல் வரும், கணக்கில் கூட்டல் தப்பும். "போனால் கெட்டான்" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தூக்கமின்மைதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் போனைப் பிடுங்கி வைத்துவிடலாமே என்றால், வீடு நின்றுவிடும். முன்பு சிங்கப்பூர்க் கடிதம் வந்தால் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பையனைத் தேடிப் போவார்கள். இப்போது அந்த இடத்தில் ஓடிபி இருக்கிறது. சிலிண்டர் பதிவு, கரண்ட் பில், பயிர்க் காப்பீட்டு விவரம், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் வீட்டில் பார்த்துச் சொல்வது பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை. அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் அதுதான் குமாஸ்தா. "போனை எடுக்காதே" என்று காலையில் திட்டிவிட்டு, மத்தியானம் "தம்பி, பணம் ஏறிருச்சான்னு பாருடா" என்று நாமேதான் எடுத்துக் கொடுக்கிறோம்.

போன் இந்த மண்ணுக்குச் செய்ததையும் மறக்கக் கூடாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடினார்கள். அடுத்த மாதமே நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது, ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. இந்தச் செய்திகளை உடனுக்குடன் ஊர் ஊராகக் கொண்டுபோனது பெரும்பாலும் பிள்ளைகளின் போன்கள்தான். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தக் குரல்களும் இருந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டவர்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டு, எந்த ஊருக்கு அரிசி போகவில்லை, எங்கே தார்ப்பாய் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சொல்லி லாரிகளைத் திருப்பிவிட்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அதே தலைமுறையை இன்று நாம் உருப்படாதவர்கள் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

பெண் பிள்ளைகளின் கதை தனி. 2023 அசர் ஆய்வில், போனைக் கையாளத் தெரிந்த 14 முதல் 18 வயதுக்காரர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். எங்கள் பக்கமும் அண்ணனின் போனோ அம்மாவின் போனோதான் அவர்களுக்கு. வாட்ஸ்அப் டிபியில் முகம் இருக்காது, ரோஜாப்பூ இருக்கும், இல்லையென்றால் பிள்ளையார், யாரோ ஒரு குழந்தை. போட்டோவை எடுத்து மாற்றிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். அது வீண் பயமும் இல்லை. ஆனால் அப்படி ஒன்று நடந்தால் முதலில் நிற்பது அந்தப் பெண்ணின் படிப்புதான். மிரட்டல் வந்ததை வீட்டில் சொன்னால் கல்லூரியை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பெண் ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். அந்த ஏழு மாதத்தில் மிரட்டியவனுக்குத் துணையாக இருந்தது அவளுடைய பயம், அந்தப் பயத்தைக் கொடுத்தது நாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098-ம் நம் பெண்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, சொன்னால் அடி விழாது, படிப்பு நிற்காது என்ற நம்பிக்கை வேண்டும்.

வேலை தேடும் வயதில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. வெளிநாடு போவது டெல்டாவில் மரபு. முன்பு ஊர்க்காரர், மாமன், மச்சான் என்று யாராவது விசா எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் விளம்பரம் வருகிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று கூட்டிப் போய், மியான்மர் எல்லைக்குள் அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022-இல் அங்கிருந்து தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிடலாம். நல்ல வேலையைப் போன்தானே தேடிக் கொடுக்கும் என்று நம்பும் பிள்ளையிடம், இந்தச் சரிபார்ப்பும் அதே போனில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தடை போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டம் கொண்டுவந்து, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. இங்கே 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் ஊரில் அம்மாவின் ஜிமெயிலைத் திறந்து கொடுத்ததே பிள்ளைதான். அந்தச் சம்மதத்தை யார் அழுத்துவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

காலியான நேரத்துக்குத் திரும்பி வருகிறேன். சாயங்காலம் நாலரைக்கு வேன் இறக்கிவிட்ட பிறகு ஏழு மணிவரை எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் போக ஓர் இடம் வேண்டும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேர்ந்த பிறகு சில மாதம் ஆறு இருக்கிறது. அப்போது போனைக் கரையில் வைத்துவிட்டுக் குதிக்கும் பையன்களை நானே பார்க்கிறேன். அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் இருக்கிறது. அதற்கு இடைப்பட்ட மாதங்களில்? அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006-க்குப் பிறகு ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். நான் போய்ப் பார்த்த ஒன்றில் பூட்டு துருப்பிடித்திருந்தது. அந்த வாசல்படியிலும் மூன்று பேர் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நிழல் இருக்கிறது என்பதற்காக. உள்ளே விளக்கும், ஒரு கேரம் போர்டும், திறந்து மூட ஓர் ஆளும் இருந்தால் அவர்கள் உள்ளே போயிருப்பார்கள். ஒரு போராட்டமும் தேவைப்பட்டிருக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். நாள் கணக்கு இல்லாமல் மொத்தமாக இவ்வளவு ஜிபி என்று கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன, கடையில் கேட்டால் சொல்வார்கள். மிச்சம் அழியாது என்றால் பன்னிரண்டு மணிப் பதற்றம் பாதி குறையும். பேச மட்டும் போதும் என்பவர்களுக்கு டேட்டா இல்லாத பேக்கும் வர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டு, அடுத்த மாதமே வந்துவிட்டது. தாத்தா பாட்டியின் போனுக்கு அது போதும். இப்போது அவர்கள் போனில் மிஞ்சும் டேட்டாவும் பேரன் கணக்கில்தான் போகிறது. மனசு சரியில்லை, தூக்கமே இல்லை என்று பிள்ளை சொன்னால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருவனின் வீட்டில் பழைய பத்தாயம் ஒன்று இருக்கிறது. இப்போது நெல் கொட்டுவதில்லை, களத்திலிருந்தே கொள்முதலுக்குப் போய்விடுகிறது. சார்ஜர் பாயின்ட் அதற்கு மேலேதான் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் அம்மா, ஒன்பதரைக்கு எல்லாப் போனும் பத்தாயத்து மேலே என்று வைத்தார். அவர் போனும் சேர்த்து. குவைத்திலிருந்து வரும் அழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் அக்கா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு, அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். மற்ற நாட்களில் பத்தரைக்கு அழைப்பு வந்தால் அம்மா மட்டும் திண்ணைக்கு எடுத்துப்போய்ப் பேசுகிறார். முதல் வாரம் அப்பாவுக்குக் கோபம், "புள்ள மொகத்த காட்ட மாட்டியா" என்று கேட்டிருக்கிறார். அம்மா போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, விளக்கைப் போடாமல், திரை வெளிச்சத்திலேயே பாயில் கிடக்கும் பையனைக் காட்டியிருக்கிறார். அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இப்போது தினமும் பேச்சை முடிக்கும் முன் அவரே கேட்கிறார், தூங்குறானா, காட்டு என்று.